கடற்கரையில் கான்கிரீட்டுக்கு வரும் நோய்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிச் செல்லும் சாலையில் நீங்கள் பேருந்தில் போயிருக்கிறீர்களா? போகும்போது வலப்பக்கம் கடலையே பார்த்துக்கொண்டிராமல், இடப்பக்கம் உள்ள பழைய கட்டடங்களையும் கொஞ்சம் கவனியுங்கள். பால்கனியின் அடிப்பாகத்திலும், ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடிலும் காப்பிக் கறை படிந்ததுபோல நீண்ட பழுப்புக் கோடுகள் ஓடுவது தெரியும். சில இடங்களில் காரை பெயர்ந்து விழுந்து, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி விலா எலும்பைப்போல வெளியே தெரியும். அதே வயதுள்ள கட்டடம் ஆவடியிலோ தாம்பரத்திலோ இருந்தால் பொதுவாக இவ்வளவு சீக்கிரம் இந்தக் கோலத்துக்கு வருவதில்லை. ஏன்?

காரணத்தைப் பார்ப்பதற்கு முன்பு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில், 1990களில் கட்டப்பட்ட குடிசை மாற்று வாரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி அப்படியே சரிந்து விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டமாயின. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. கட்டடத்தில் விரிசல் கண்டிருப்பதைக் குடியிருந்தவர்கள் கவனித்துவிட்டார்கள். விழுவதற்கு முன்பே எல்லாரும் வெளியேறிவிட்டார்கள். விரிசலைப் பார்த்தும் "எல்லா வீட்டிலும் இருப்பதுதானே" என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உண்மையில் விரிசல் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அதில் எது சாதாரணம், எது ஆபத்து என்று பிரித்தறிவதில்தான் விஷயம் இருக்கிறது.

கான்கிரீட் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். சிமெண்டு, மணல், கருங்கல் ஜல்லி, தண்ணீர் ஆகிய நான்கையும் கலந்தது. அது "காய்ந்து" கெட்டியாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சிமெண்டு தண்ணீரோடு வேதியியல் முறையில் சேர்ந்து, நுண்ணிய இழைகளும் படிகங்களுமாக வளர்ந்து, மணலையும் ஜல்லியையும் பிணைத்துக்கொள்கிறது. இதற்கு நீரேற்றம் என்று பெயர். ஆகவே கான்கிரீட் தண்ணீருக்குள்ளேயே கெட்டிப்படும். சீக்கிரம் காய்ந்துபோனால்தான் அதற்குக் கேடு. கொத்தனார் தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும், தூண்களுக்குக் கோணிச்சாக்கைச் சுற்றி நனைப்பதும் இதனால்தான்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்று வேதியியல் முறையில் சேர்வதற்கு ஏறக்குறைய 12 லிட்டர் போதும். ஆனால் அவ்வளவுதான் ஊற்றினால் கலவை கரண்டிக்கு வசப்படாது. எனவே 20, 22 லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. வேலை சுலபமாக நடக்கட்டும் என்று 30, 35 லிட்டர் ஊற்றுபவர்களும் உண்டு! சிமெண்டோடு சேராத மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? மெல்ல ஆவியாகிப் போகும். அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளாக நின்றுவிடும். இந்தத் துளைகளை மறந்துவிடாதீர்கள். பின்னால் நம் கதையின் வில்லன் இவற்றின் வழியாகத்தான் உள்ளே வரப்போகிறான்.

தண்ணீர் ஆவியாகும்போது கான்கிரீட் சுருங்குகிறது. 10 மீட்டர் நீளமுள்ள தரை சில மில்லிமீட்டர் சுருங்கும். கான்கிரீட்டை அழுத்தினால் மலைபோல் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடச் சரியாகத் தாங்காது. சுருங்க முயலும் தரையை அடியிலுள்ள மண்ணும் பக்கச் சுவர்களும் பிடித்துக்கொள்வதால் அது இழுவிசைக்கு உள்ளாகி வெடித்துவிடுகிறது. பள்ளிக்கூட வராந்தாவில் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்டிருப்பதன் இரகசியம் இதுதான். வெடிப்பு எப்படியும் வரப்போகிறது. அது கோணல்மாணலாக வராமல் நாம் வகுத்த கோட்டிலேயே வரட்டும் என்ற ஏற்பாடு அது.

வெயிலும் தன் பங்குக்கு வேலை செய்யும். 10 மீட்டர் நீளத் தளம் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். இரவில் திரும்பச் சுருங்கும். நல்லவேளையாக, எஃகும் கான்கிரீட்டும் வெப்பத்தால் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விரிவடைகின்றன. இல்லாவிட்டால் ஒன்றுக்குள் ஒன்றை வைத்துக் கட்டவே முடியாது. இயற்கை நமக்குச் செய்த உதவிகளில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஒரு வெடிப்பைத் தேர்ந்தெடுங்கள். அதன் இரு நுனிகளிலும் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். வெடிப்பின் குறுக்கே பிளாஸ்டர் ஆப் பாரிசைக் குழைத்து ஒரு பொட்டு வையுங்கள். பொறியாளர்கள் கண்ணாடிப் பட்டையைக் குறுக்கே ஒட்டுவதும் உண்டு. இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். பொட்டு அப்படியே இருந்தால் அது உறங்கும் வெடிப்பு. பொட்டு பிளந்தாலோ, நுனி பென்சில் கோட்டைத் தாண்டிப் போயிருந்தாலோ அது உயிருள்ள வெடிப்பு. ஒரே இரவில் அகலமாகும் வெடிப்புக்கு இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். வீட்டில் எல்லாரையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டியதுதான்.

உறங்கும் வெடிப்பைக் கெட்டியான பொருளால் அடைக்கலாம். உயிருள்ளதைக் கெட்டியாக அடைத்தால் அது அடைப்புக்குப் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். அதை வெட்டி அகலப்படுத்தி, ரப்பர்போல நீண்டு சுருங்கும் பசையை இட்டு நிரப்ப வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரே வெடிப்புக்கு வருடம் தவறாமல் சிமெண்டு பூசுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிறிய வெடிப்புகள் சில சமயம் தாமாகவே ஆறிவிடும் என்றால் நம்புவீர்களா? சிமெண்டு நீரேற்றம் அடையும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றுச் சுண்ணாம்பு, உண்டாகிறது. மயிரிழை போன்ற வெடிப்பில் தண்ணீர் கசியும்போது இந்தச் சுண்ணாம்பு கரைந்து வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. தண்ணீர்த் தொட்டியின் வெளிப்பக்கம் முதலில் கசிந்து, பிறகு வெள்ளைக் கோடு படிந்து கசிவு நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தத் தத்துவத்தைப் பிடித்துக்கொண்டு, நெதர்லாந்தில் உள்ள டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோங்கர்ஸ் என்ற அறிவியலாளர் ஒருவகைப் பாக்டீரியாவை வித்து நிலையிலேயே கான்கிரீட்டுக்குள் வைத்துப் பார்த்தார். வெடிப்பு விழுந்து தண்ணீர் உள்ளே போனதும் பாக்டீரியா விழித்துக்கொள்கிறது. கூடவே வைத்த கால்சியம் லாக்டேட்டை உண்டு சுண்ணாம்புக்கல்லை உற்பத்தி செய்து வெடிப்பை அடைக்கிறது!

இனி நம் கடற்கரைக்கு வருவோம்.

இந்த வட்டாரத்துக்கும் சிமெண்டுக்கும் உள்ள உறவு பழையது. இந்தியாவில் போர்ட்லாண்டு சிமெண்டு தயாரிக்க நடந்த முதல் முயற்சிகளில் ஒன்று, 1904-இல் இராயபுரத்துக்குப் பக்கத்திலுள்ள வண்ணாரப்பேட்டையில்தான் நடந்தது. சுண்ணாம்புக்கல்லுக்குப் பதிலாகக் கடற்கிளிஞ்சலைப் பயன்படுத்தினார்கள். ஆலை நீடிக்கவில்லை. அதற்கும் முன்பே, 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களைப் பெரிய பெரிய கான்கிரீட் கட்டிகளால் கட்டினார்கள். 1881 நவம்பரில் வந்த புயல் அந்தச் சுவர்களை உடைத்துப் போட்டது. திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கட்டிகளுக்கு எதிரி அலைதான். கடல் உப்பினால் அவற்றுக்குத் துருநோய் வரவே முடியாது. ஏனென்றால் அவற்றுக்குள் இரும்புக் கம்பி கிடையாது. கம்பி வைத்த கான்கிரீட் பரவியது அதற்குப் பிற்பாடுதான். கான்கிரீட்டால் தாங்க முடியாத இழுவிசையை எஃகுக் கம்பி தாங்கிக்கொண்டதால் மெல்லிய தளமும், அந்தரத்தில் நீளும் பால்கனியும், பாலமும் கட்ட முடிந்தது. ஆனால் அதே கம்பியோடு நோயும் உள்ளே வந்துவிட்டது.

இரும்பு துருப்பிடித்தால் பருமன் கூடும். துருவின் வகையைப் பொறுத்து, கரைந்த இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்கு வரை இடத்தை அது அடைத்துக்கொள்ளும். கான்கிரீட்டுக்குள் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? துரு உள்ளேயிருந்து தள்ளுகிறது. கம்பி ஓடும் கோட்டிலேயே வெளியே விரிசல் விழுகிறது. பால்கனியின் அடியில் நேர்கோடாக, சம இடைவெளியில் வெடிப்புகள் தெரிந்தால் அவை சுருக்கத்தால் வந்தவை அல்ல, கம்பி துருப்பிடித்து வந்தவை என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். பழுப்புக் கறையும் கூட இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் எல்லாக் கான்கிரீட்டிலும் ஈரமும் காற்றும் நுழையத்தானே செய்கின்றன? எல்லாக் கம்பியும் துருப்பிடிக்க வேண்டுமே! பிடிப்பதில்லை. காரணம், மேலே சொன்ன அந்தச் சுண்ணாம்பு. நல்ல கான்கிரீட்டின் துளைகளிலுள்ள நீர் கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பி.எச். மதிப்பு 12-க்கும் மேல். அந்தக் காரத்தில் எஃகின்மீது மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று உண்டாகிக் கவசம்போல் மூடிக்கொள்கிறது. கவசம் இருக்கும்வரை துரு இல்லை.

இந்தக் கவசத்தை உடைப்பவர்கள் இருவர். ஒருவன் கரியமில வாயு. அது நுண்துளைகள் வழியே புகுந்து சுண்ணாம்போடு சேர்ந்து காரத்தைக் குறைத்துக்கொண்டே உள்ளே போகிறது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. உள்ளே போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. முதல் 4 ஆண்டுகளில் 5 மில்லிமீட்டர் போயிருந்தால், 10 மில்லிமீட்டர் போக 16 ஆண்டுகள் ஆகும்; 20 மில்லிமீட்டர் போக 64 ஆண்டுகள். அதாவது கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட்டின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் ஆயுள் நான்கு மடங்கு! கொத்தனார்கள் கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னஞ்சிறு கவர் கட்டை எவ்வளவு பெரிய வேலை செய்கிறது பார்த்தீர்களா? அது நழுவி, கம்பி சாரப் பலகையில் போய்ப் படிந்தால் கட்டடத்தின் ஆயுளில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது. இந்தியத் தர நிர்ணயமும் இடத்துக்கு ஏற்றபடி இந்தக் கனத்தை வகுத்திருக்கிறது. உலர்ந்த உள்ளறைக்கு 20 மில்லிமீட்டர், கடற்கரைக் காற்றில் நேராக நிற்பதற்கு 45, கடல்நீர்த் தூவானம் படும் இடத்துக்கு 50, அலை ஏறி இறங்கும் இடத்துக்கு 75.

இன்னொருவன்தான் வில்லன். குளோரைடு அயனி. ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது எழும் தூவானம் காற்றில் கலந்து சுவரில் படிகிறது. மழையில் நனைந்து துளைகளில் இறங்குகிறது. காரம் குறையாமல் இருக்கும்போதே இந்த அயனி கவசத்தில் சிறு சிறு ஓட்டைகள் போட்டுவிடும். ஓட்டை விழுந்த இடம் நேர்மின்வாயாகவும், கவசம் உள்ள மற்ற இடம் எதிர்மின்வாயாகவும் ஆகி, கம்பியே ஒரு மின்கலமாகிவிடுகிறது. சிறிய நேர்மின்வாய், பெரிய எதிர்மின்வாய். எனவே துரு ஓரிடத்திலேயே ஆழமாகக் குடைகிறது. வெளியில் சிறு பொட்டு. உள்ளே கம்பி பாதியாகத் தேய்ந்திருக்கும்.

உப்பு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் இறைத்ததால் கடல்நீர் நிலத்துக்குள் புகுந்து, கிணறுகள் உப்பாகிப் போனதைப் படித்திருப்பீர்கள். அத்தகைய தண்ணீரில் கலவை போட்டால் நோயைக் கருவிலேயே வைத்துக் கட்டுகிறோம் என்று பொருள். குடிக்க உதவாத தண்ணீர் கான்கிரீட்டுக்கும் உதவாது என்று கொத்தனார்கள் சொல்வது இங்கே முற்றிலும் சரி. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துத் தரையைப்போல் மீன் கழுவிய நீரும் உருகிய பனிக்கட்டியும் கடல்நீரும் நாள் முழுவதும் ஓடும் தரைகளுக்கும் இதே கதிதான். அங்கே தள்ளுவண்டிச் சக்கரங்களும் சேர்ந்துகொள்கின்றன.

சரி, மருத்துவத்துக்கு வருவோம். முதலில் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும். சிறு சுத்தியால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். "ணங்" என்றால் கெட்டி. "டொக்" என்று பொள்ளலாக ஒலித்தால் மேல் அடுக்கு உள்ளே விட்டுப்போயிருக்கிறது. பொள்ளலான இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டால், கண்ணுக்குத் தெரிந்த பழுதைவிடத் தெரியாத பழுது அதிகம் என்று புரியும்.

தரையில் பெயர்ந்த இடத்தை அடைப்பது சுலபமான வேலை என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். வீட்டுப் பின்கட்டில் ஒரு குழியைத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு, சாந்து குழைத்து நானே அடைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரே மாதத்தில் தோசைபோலக் கையோடு வந்துவிட்டது. பிறகு வந்த கொத்தனார் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடியில பாருங்க சார், மாவு பூசின மாதிரி தூசி. புதுசு தூசியில ஒட்டியிருக்குது, தரையில ஒட்டலை" என்றார்.

அவர் செய்த விதத்தைச் சொல்கிறேன். குழியின் ஓரத்தை உளியால் செங்குத்தாக, 2 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சதுரமாக வெட்டினார். ஓரம் சரிவாக இருந்தால் புதுச் சாந்து அங்கே காகிதம்போல மெலிந்து முதலில் அதுதான் பெயரும். இளகிய கல்லையெல்லாம் கெட்டித் தரை வரும்வரை கொத்தி எடுத்தார். கம்பித் தூரிகையால் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி, இரவு முழுவதும் ஈரச்சாக்கைப் போட்டுவைத்தார். பழைய கான்கிரீட் காய்ந்திருந்தால் புதுச் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும். நீரேற்றம் பாதியில் நின்றுபோகும். மறுநாள் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுத்து, சிமெண்டுப் பாலைத் தூரிகையால் தேய்த்து, அது காய்வதற்குள் ஒன்றுக்கு மூன்று சாந்தைக் கெட்டியாகக் குழைத்து அழுத்தி நிரப்பினார். மணியாசுக் கட்டையால் தேய்த்து மட்டம் பார்த்தார். ஏழு நாள் ஈரச்சாக்கு. வேலை ஒரு மணி, காத்திருத்தல் ஒரு வாரம். அந்தக் குழி இன்றுவரை அசையவில்லை.

எண்ணூர், மணலிப் பக்கத்துச் சரக்குப் பெட்டக நிலையங்களில் ஒரு வாரம் காத்திருக்க முடியாது. அங்கே லாரியும் தூக்குவண்டியும் ஓடி ஓடித் தரையின் இணைப்பு ஓரங்கள் உடைகின்றன. அதற்குச் சில மணி நேரத்தில் இறுகும் சிமெண்டோ எபாக்சி பிசினோ பயன்படும். உத்திரம், தளம் போன்றவற்றில் உள்ள உறங்கும் வெடிப்புகளுக்கும் எபாக்சியே மருந்து. வெடிப்பின் வெளிவாயை மூடிவிட்டு, இடையிடையே சிறு குழாய்களைப் பதித்து, ஊசி போடுவதைப்போல அழுத்தத்தில் செலுத்துவார்கள். கீழ்க்குழாயில் செலுத்த, மேல்குழாயில் பிசின் எட்டிப் பார்த்ததும் கீழதை அடைத்துவிட்டு மேலதற்குப் போவார்கள்.

துருப்பிடித்த கம்பிக்கு வைத்தியம் இன்னும் கடினம். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டினால் போதாது. பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்குக் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, சுற்றிலும் துருவைத் தேய்த்து நீக்கி, பாதுகாப்புப் பூச்சு கொடுத்து, பிறகே புதுக் கலவையால் மூட வேண்டும். கம்பி மிகவும் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். தளத்துக்கு முட்டுக் கொடுக்காமல் இதைத் தொடக்கூடாது. இது பொறியாளர் பார்க்க வேண்டிய வேலை. இத்தகைய பூச்சுகளை ஆராய்ந்து உருவாக்கியதில் நம் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு வேடிக்கை நடக்கும். ஓராண்டு, ஈராண்டில் ஒட்டுப் போட்ட இடம் நன்றாக இருக்க, அதற்குப் பக்கத்திலேயே புதிதாகக் காரை பெயரும்! வேலை செய்தவரைத் திட்டுவார்கள். அவர்மேல் தவறு இருக்க வேண்டியதில்லை. நாம் பார்த்த மின்கலத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முன்பு துருப்பிடித்த இடம் நேர்மின்வாயாக இருந்து, தான் கரைந்து பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை நாம் குணப்படுத்திவிட்டோம். உப்பேறிய பழைய கான்கிரீட்டில் கிடக்கும் பக்கத்துக் கம்பி இப்போது காவலின்றி நிற்கிறது. அடுத்த நேர்மின்வாய் அதுதான்.

இதற்கு விடை ஒரு பழைய கப்பல் தந்திரம். 1824-இல் இங்கிலாந்தில் சர் ஹம்ஃப்ரி டேவி, கப்பலின் அடியில் அடித்த செப்புத் தகடு கடல்நீரில் அரிக்காமலிருக்க, அதனுடன் இரும்பு அல்லது துத்தநாகத் துண்டைச் சேர்த்தார். துண்டு கரைந்தது, செம்பு தப்பியது. அதே 1824-இல் அதே நாட்டில்தான் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டும் ஒரு நாள் ஒன்றாகச் சேரும் என்று இருவருமே நினைத்திருக்க மாட்டார்கள். இன்று உப்பேறிய கட்டடங்களில் ஒட்டுப் போடும்போது, ஓரத்துக் கம்பியில் துத்தநாகக் கட்டி ஒன்றைக் கட்டி உள்ளே புதைத்துவிடுகிறார்கள். கம்பிக்குப் பதில் அது கரைகிறது. எஃகினால் கட்டிய கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவதும் இதற்காகவே.

இவற்றையெல்லாம் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஆசிரியரின் துணையோடு செய்யுங்கள். சுண்ணாம்பு நீர் கண்ணில் படக்கூடாது. பளபளப்பான இரும்பு ஆணிகள் ஐந்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகள் ஐந்து வேண்டும். துத்தநாகம் பூசிய ஆணி கூடாது. முதல் புட்டியில் வெறும் தண்ணீர், இரண்டாவதில் உப்புநீர், மூன்றாவதில் தெளிந்த சுண்ணாம்பு நீர், நான்காவதில் சுண்ணாம்பு நீரில் தாராளமாக உப்பு. ஐந்தாவதிலும் தெளிந்த சுண்ணாம்பு நீர்தான்; ஆனால் அதை மட்டும் மூடாமல் விடுங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆணியைப் போட்டு நிழலில் வையுங்கள்.

முதல் இரண்டு புட்டிகளும் ஓரிரு நாளிலேயே பழுப்பேறிவிடும். மூன்றாவது ஆணி வாரக்கணக்கில் பளபளவென்று இருக்கும். நான்காவதை அவசரப்படாமல் நாள்தோறும் பாருங்கள். ஆணி முழுவதும் அல்ல, அதில் ஏதோ ஓரிடத்தில் முதல் துருப்பொட்டு தோன்றும். அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது புட்டியின் மேல் பாலாடைபோல ஒரு வெள்ளை ஏடு படியும். அது என்ன பொருள், எந்த வாயுவால் வந்தது என்று இப்போது உங்களுக்கே தெரியும். அந்தப் புட்டியில் மாதம் ஒருமுறை ஒரு சொட்டு நீரை எடுத்து அதில் பீனாப்தலீன் விட்டுப் பாருங்கள். ஆழ்ந்த இளஞ்சிவப்பு மாதா மாதம் வெளிறிக்கொண்டே வந்து ஒருநாள் நிறமே வராமல் போகும். அதற்குப் பிறகு ஆணியைக் கவனியுங்கள்.